டிராகுலாவுக்கு மீசை உண்டா? (மாறுவேடப் போட்டி, அவசரம்)

தறிநூல் | சனி, இரவு 9.40

பையன் அஞ்சாம் வகுப்பு. வர்ற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. இதுவரைக்கும் பாரதியார், ஔவையார், கத்தரிக்காய் என்று ஓட்டிவிட்டோம். இந்த வருஷம் எங்களைக் கேட்காமலே "டிராகுலா" என்று பேர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். வீட்டுக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: கருப்புத் துணி ரெண்டரை மீட்டர், ஃபேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் பல், ஆச்சு.

எனக்குத்தான் மூலத்தைப் பார்க்காமல் தூக்கம் வராதே. பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரெண்டாவது அத்தியாயத்திலேயே தலை சுற்றிவிட்டது. கோட்டைக் கதவைத் திறப்பவர் ஒரு உயரமான கிழவர். கையில் பழைய வெள்ளி விளக்கு. உச்சி முதல் பாதம் வரை கருப்பு உடை, வேறு நிறம் பொட்டளவு கூடக் கிடையாது. முகம் சுத்தமாக மழித்திருக்கிறது, நீளமான வெள்ளை மீசையைத் தவிர.

வெள்ளை மீசை! இத்தனை வருஷமாகப் படத்திலும் பொம்மையிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்த ஆளுக்கு மீசையே கிடையாதே? இப்போது சொல்லுங்கள், பையனுக்கு மீசை ஒட்டவா, வேண்டாமா?

நைட்ஷோ | சனி, இரவு 10.05

ஒட்டாதீங்க மேடம். டிராகுலான்னா பேலா லுகோசி நடிச்ச 1931 யுனிவர்சல் கம்பெனி படம். படிய வாரின தலை, ராச்சாப்பாட்டு கோட்டு, தூக்கின காலர், மழமழன்னு முகம். மேடைல ஏறின உடனே நடுவருக்குப் புரியணும். வெள்ளை மீசையோட போனா சுதந்திரப் போராட்டத் தியாகின்னு நினைச்சுக்குவாங்க.

பழம்பிரதி | சனி, இரவு 11.20

அம்மா, நீங்கள் மீசையோடு நின்றுவிட்டீர்கள். நாலு பக்கம் தள்ளி முழு வர்ணனை வருகிறது. அதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜோனதன் ஹார்க்கர், புதிதாகத் தேர்வு எழுதித் தேறிய இங்கிலாந்து வக்கீல். மே 5 இரவு கோட்டைக்கு வந்து சேருகிறார். சாப்பிட்டு முடித்துக் கணப்பருகே உட்கார்ந்தபடி, வந்த இடத்தில் கட்சிக்காரரின் முகத்தை எடை போடுகிறார். கழுகு மூக்கு, மெல்லிய மூக்குத்தண்டு மேடாக எழும்பி நிற்கிறது, நாசித் துவாரங்கள் வளைந்திருக்கின்றன. குவிந்து உயர்ந்த நெற்றி. பொட்டுப் பக்கம் முடி அருகி, மற்ற இடத்தில் அடர்த்தி. புருவங்கள் மிகப் பெரியவை, மூக்குக்கு மேலே ஏறக்குறைய ஒட்டிக்கொள்கின்றன, முடி சுருளும் அளவுக்குப் புதர். மீசைக்கு அடியில் தெரிந்த வரையில் வாய் இறுக்கமானது, கொடூரமானது. கூரிய வெள்ளைப் பற்கள் உதட்டுக்கு மேல் துருத்துகின்றன. அந்த வயசுக்குப் பொருந்தாத சிவப்பு உதடு. வெளிறிய காது, மேல் நுனி கூர்மை. அகன்ற மோவாய். கன்னம் ஒட்டியிருந்தாலும் உறுதியானது. மொத்தத்தில் ரத்தமே ஓடாததுபோல ஒரு வெளுப்பு.

ஒரு முகத்தில் இத்தனை முடி என்பதைக் கவனியுங்கள். மீசை இதில் ஒரு பகுதிதான்.

மொட்டைமாடி | சனி, இரவு 11.48

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். "முகம் மழித்திருந்தது, மீசை மட்டும் இருந்தது" சரி. கவுண்ட்டுக்கு, அதாவது டிராகுலா பிரபுவுக்கு, கண்ணாடியில் உருவம் விழாது. கோட்டையில் கண்ணாடியே கிடையாது. வேலைக்காரனும் கிடையாது, அவரே படுக்கை விரிச்சு, அவரே மேஜைல சாப்பாடு எடுத்து வைக்கிறதை ஹார்க்கர் ஒளிஞ்சிருந்து பாத்துடறார்.

அப்ப சவரம் பண்றது யாரு?

நைட்ஷோ | சனி, இரவு 11.52

😂 கோட்டையில இருக்கற அந்த மூணு காட்டேரிப் பொம்பளைங்க?

மொட்டைமாடி | சனி, இரவு 11.55

அவங்க கைல கத்தியைக் குடுத்து கழுத்தை நீட்ட டிராகுலாவுக்கே தைரியம் வராது.

வடமராட்சியான் | ஞாயிறு, காலை 6.30

பகிடியா கேட்டாலும் நல்ல கேள்விதான் தம்பி. சவரக் கண்ணாடிக் காட்சியையும் சேர்த்துப் பாருங்கோ. மே 8, ஹார்க்கர் தன்ர சின்னக் கண்ணாடியை யன்னலில தொங்கவிட்டுச் சவரம் செய்யிறார். பின்னால கவுண்ட் வந்து தோளில கை வைக்கிறார், கண்ணாடியில ஆளில்லை. திடுக்கிட்டதில நாடியில வெட்டு. ரத்தத்தைக் கண்டதும் கவுண்ட் தொண்டையைப் பிடிக்கப் பாய்ஞ்சு, கழுத்தில கிடந்த சிலுவைமாலையில கை பட்டவுடன அடங்கிப்போறார். பிறகு அந்தக் கண்ணாடியை மனுசரின்ர வீண்பெருமைக்கான சாமான் எண்டு திட்டி யன்னலால எறியிறார். ஹார்க்கருக்கு அதுக்குப் பிறகு வந்த முதல் கவலை என்ன தெரியுமோ? இனி எப்பிடிச் சவரம் செய்யிறது எண்டு!

ஆனா நான் சொல்ல வந்தது வேற. நீங்கள் எல்லாரும் ஒரு டிராகுலாவைப் பற்றிக் கதைக்கிறியள். புத்தகத்தில ஒரு முகம் இல்லை. ஒவ்வொரு ஆள் காணேக்கையும் வேற முகம். நான் ஒருக்காப் பென்சிலால கோடு போட்டு வாசிச்சனான்.

முதலாவது, கோட்டைக்கு முதலே, மலைப்பாதையில வண்டி ஓட்டி வந்தவர். நீளமான பழுப்புத் தாடி, முகத்தை மறைக்கிற பெரிய கறுப்புத் தொப்பி, விளக்கு வெளிச்சத்தில சிவப்பாத் தெரிஞ்ச கண். அவரும் கவுண்ட்தான் எண்டு பிறகுதான் ஹார்க்கருக்குப் பிடிபடுது. உள்ள போனால் வெள்ளை மீசைக் கிழவர். ஜூன் 30, பெட்டிக்குள்ள கிடக்கிறார்: வெள்ளை முடியும் மீசையும் இரும்புச் சாம்பல் நிறமாப் போச்சு, கன்னம் உப்பி, தோலுக்குக் கீழ சிவப்பு ஓடுது, வாயோரம் புது ரத்தம். குடிச்சுக் களைச்ச அட்டை மாதிரி எண்டு எழுதியிருக்கு. அதுக்குப் பிறகு லண்டன். செப்டெம்பர் 18 பத்திரிகையில மிருகக்காட்சிசாலைக் காவலாளி சொல்லுறார்: உயரம், ஒல்லி, கொக்கி மூக்கு, கூர்த்தாடி, அதில அங்கொண்டு இங்கொண்டா வெள்ளை முடி, வெள்ளைக் கையுறை. நாலு நாள் கழிச்சு பிக்காடிலித் தெருவில ஹார்க்கர் பட்டப்பகலில காணுறார்: கறுப்பு மீசை, கூர்த்தாடி. இளமையாப் போனான் எண்டு சொல்லிச் சொல்லி நடுங்கிறார்.

இப்ப சொல்லுங்கோ, உங்கட பிள்ளைக்கு எந்த டிராகுலா?

தறிநூல் | ஞாயிறு, காலை 8.10

வடமராட்சி அண்ணா, நல்லா மாட்டிவிட்டீர்கள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அஞ்சு மீசையும் ஒட்டிக்கவாம்மா" என்கிறான்.

நேற்று ராத்திரி இன்னொன்று படித்தேன். அவர் கையைப் பற்றி. தூரத்தில், தணல் வெளிச்சத்தில் வெள்ளையாக, நேர்த்தியாகத் தெரிந்த கை, கிட்டத்தில் பார்த்தால் முரட்டுக் கை. அகலம், குட்டை விரல், நீள நகத்தைக் கூராக வெட்டி விட்டிருக்கிறார். உள்ளங்கையின் நடுவில் முடி! காதலிக்கும் பெண்ணிடம் ரோஜாப்பூ நீட்டும் டிராகுலா எங்கே, உள்ளங்கையில் முடி முளைத்த கிழவர் எங்கே. இது ஸ்டோக்கர் கற்பனையா, எங்கேயாவது எடுத்ததா?

பழம்பிரதி | ஞாயிறு, காலை 10.45

எடுத்ததுதான் அம்மா. எடுத்த இடமும் தெரியும்.

ஸ்டோக்கர் இந்த நாவலுக்காக எழுதிச் சேர்த்த குறிப்புகள் இப்போது அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் படித்த நூல்களின் பட்டியலும் அதில் உண்டு. அதில் ஒன்று, சபைன் பேரிங்-கூல்டு என்ற பாதிரியார் 1865-ல் எழுதிய ஓநாய் மனிதர்களைப் பற்றிய நூல். ஓநாயாக மாறுகிறவனை எப்படி அடையாளம் காண்பது என்று ஐரோப்பாவின் பல ஊர் நம்பிக்கைகளை அதில் தொகுத்திருக்கிறார். புருவம் மூக்குக்கு மேலே கூடியிருக்கும். கை அகலம், விரல் குட்டை, உள்ளங்கைக் குழியில் மயிர்.

அதாவது, காட்டேரி என்று நாம் நினைக்கிற இந்த ஆளின் உடம்பு பாதி ஓநாய் மனிதனுடையது. வாசகரின் கண்ணெதிரேயே ஸ்டோக்கர் இதை வைத்திருக்கிறார். உள்ளங்கை முடியை ஹார்க்கர் பார்க்கிறார், கவுண்ட் குனிந்து தொடும்போது மூச்சு நாற்றத்தில் குமட்டுகிறது, கவுண்ட் புரிந்துகொண்டு விலகுகிறார், ஒரு நிமிஷம் மௌனம், பள்ளத்தாக்கில் ஓநாய்கள் ஊளையிடுகின்றன. "இரவின் பிள்ளைகள்" என்று அவற்றை அவர் கொண்டாடும் புகழ்பெற்ற இடம் அதுதான். படங்களில் அதை ஏதோ கவிதை மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். புத்தகத்தில் கையைப் பார்த்த மறுகணம் அந்த ஊளை வருகிறது. சொந்தக்காரர்கள் கூப்பிடுகிறார்கள்! இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் அவர் வந்த கப்பல் தரைதட்டியதும் அதிலிருந்து குதித்து ஓடுவதும் ஒரு பெரிய நாய்தான்.

கோபுரவாசல் | ஞாயிறு, மதியம் 1.15

எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. டிராகுலா உண்மையில் வாழ்ந்த மன்னர். மூன்றாம் விளாட், 15-ஆம் நூற்றாண்டு, வாலாகியா (இன்னிக்கு ருமேனியாவில் இருக்கு). கழுவேற்றிக் கொல்றதில் பேர்போனவர். ஆஸ்திரியாவில் ஆம்ப்ராஸ் கோட்டையில் அவர் ஓவியம் இருக்கு, தேடிப் பாருங்க. முத்து வெச்ச சிவப்புத் தொப்பி, தோள் வரைக்கும் சுருள் முடி, கன்னத்துக்குக் கன்னம் மீசை. மீசை அங்கிருந்து வந்ததுதான். கேஸ் முடிஞ்சது.

பழம்பிரதி | ஞாயிறு, மதியம் 2.30

முடியவில்லை ஐயா.

1890 கோடையில் விட்பிக்குப் போனபோது அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820-ல் எழுதிய நூலை ஸ்டோக்கர் படிக்கிறார். வாலாகிய மொழியில் டிராகுலா என்றால் பிசாசு என்று அதில் ஓர் அடிக்குறிப்பு. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்கு முன் குறிப்புகளில் வில்லனின் பெயர் "கவுண்ட் வாம்பிர்", கதை நடக்கும் இடமும் ஆஸ்திரியாவின் ஸ்டீரியா. ஆள் முதலில், பெயர் பிறகு. குறிப்புகளில் விளாட் என்ற பெயரும் இல்லை, கழுமரமும் இல்லை. நாவலில் கோட்டை இருக்கும் ட்ரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் ஒருமுறைகூடப் போனதில்லை.

மேலும் உங்கள் ஓவியத்தில் இருப்பவருக்குக் கூட்டுப்புருவம் உண்டா? கூர்க்காது உண்டா? மீசை வைத்தவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் எங்கள் ஊர் டீக்கடையில் நாலு டிராகுலா இருக்கிறார்கள்.

கோபுரவாசல் | ஞாயிறு, மதியம் 2.41

பேர் வந்ததையாவது ஒத்துக்கிட்டீங்களே. போதும்.

நைட்ஷோ | ஞாயிறு, இரவு 8.20

சரி, புத்தகம் அப்படித்தான். அப்ப சினிமா டிராகுலா எங்கேர்ந்து வந்தார்? இது என் ஏரியா, கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல 1922, ஜெர்மனி, முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. உரிமை வாங்கலை, அதனால பேரை மாத்தி கவுண்ட் ஆர்லாக்னு வெச்சாங்க. மேக்ஸ் ஷ்ரெக் நடிச்சார். மொட்டைத் தலை, மீசை இல்ல, எலி மாதிரி முன்பல் ரெண்டு. ஆனா கவனிங்க, கூர்க்காதும் புதர்ப் புருவமும் நீள நகமும் இருக்கு. அழகு விஷயத்துல புத்தகத்துக்கு ரொம்பக் கிட்ட வந்த ஆள் இவர்தான்னு நான் சொல்லுவேன். ஸ்டோக்கரோட மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டு, 1925-ல் பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மன் கோர்ட்டு உத்தரவு. எப்படியோ சில பிரதி தப்பிச்சுது. வெயில் பட்டா காட்டேரி செத்துடும்ங்கறதும் இந்தப் படம் பண்ணின வேலைதான். புத்தகத்துல மனுஷன் பகல்ல தெருவுல நின்னு பொண்ணுங்களை வேடிக்கை பாக்கறார், மேலே அண்ணன் சொன்ன பிக்காடிலி சீன்.

அடுத்தது நாடகம். 1924, இங்கிலாந்து, டெர்பி நகரம், ஹாமில்டன் டீன் போட்டது. மேடைல கிழ ஓநாயை வெச்சு என்ன பண்றது? டிராயிங் ரூம்ல வந்து உக்காந்து பேசற கனவானா மாத்திட்டாங்க. அந்தத் தூக்கின காலர் எதுக்குன்னு நெனைக்கிறீங்க, ஸ்டைலுக்கா? கிடையாது. நடிகர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிப்பார், காலர் தலையை முழுசா மறைச்சுடும், அப்படியே மேடைக்கு அடியில இருக்கற பொறிக்கதவு வழியா கீழ இறங்கிடுவார். வெறும் அங்கி மட்டும் மத்தவங்க கைல. ஆள் மாயம்! புத்தகத்துல அங்கி ஒண்ணு வருது, சுவர்ல பல்லி மாதிரி தலைகீழா இறங்கறப்போ சிறகு மாதிரி விரியுதுன்னு. காலர் கிடையாது. ஒரு மேஜிக் வித்தைக்காகத் தெச்ச காலரைத்தான் நூறு வருஷமா உலகம் பூரா குழந்தைங்க கழுத்துல மாட்டறோம்.

அதே நாடகம் 1927-ல் பிராட்வே போச்சு, அங்க லுகோசி. அவரே 1931 படத்துலயும். இதுல ஒரு தமாஷ், அந்தப் படத்துல லுகோசிக்குக் கோரைப்பல்லே காட்ட மாட்டாங்க. கண்ணுல மட்டும் ஊசி மாதிரி ரெண்டு வெளிச்சம் அடிப்பாங்க. 1953-ல் துருக்கில எடுத்த படத்துல பல் தெரியுது, 1958-ல் இங்கிலாந்துல ஹாமர் கம்பெனி கலர்ல எடுத்தப்போ கிறிஸ்டோஃபர் லீ ரத்தம் சொட்டற கோரைப்பல்லைக் காட்டினார். அதுக்கப்புறம் பல் இல்லாம ஊர் ஒத்துக்கலை.

ஆகவே மேடம், மீசை இல்லாத டிராகுலாவோட காலர் நாடகக்காரங்களுது, பல் பாதிக்குமேல ஹாமர் கம்பெனியோடது, வெயில் பயம் ஜெர்மன்காரங்களுது.

தறிநூல் | ஞாயிறு, இரவு 8.35

அப்படியானால் மீசை வைத்த டிராகுலா படத்திலேயே இல்லையா?

நைட்ஷோ | ஞாயிறு, இரவு 8.50

இருக்கே. 1943-ல் லான் சேனி ஜூனியர், 1944, 45-ல் ஜான் கரடைன், ரெண்டு பேருக்கும் மெல்லிசா மீசை. 1970-ல் ஹெசுஸ் ஃப்ராங்கோ படத்துல அதே கிறிஸ்டோஃபர் லீ வெள்ளை மீசைக் கிழவரா வந்து, படம் போகப் போக இளமையாவார். புத்தகத்தை மதிச்ச முயற்சி. படம்தான் தூக்கம் வரும். 1992-ல் கேரி ஓல்ட்மன் லண்டன் சீன்ல மீசை, குறுந்தாடியோட இருப்பார், ஆனா அதுக்குள்ள காதல் கதை ஆயிடுச்சு.

நிலாச்சோறு | திங்கள், காலை 11.00

இவ்வளவு பேசியும் யாரும் அந்த மூக்கைத் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

கழுகு மூக்கு, கூட்டுப்புருவம், கூர்க்காது. இந்த மூன்றும் சேர்ந்து வருவது ஓநாய்க் கதையில் மட்டுமல்ல. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876-ல் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, முகத்திலேயே எழுதியிருக்கும் என்றார். இரை பிடிக்கும் பறவையின் அலகு போன்ற மூக்கு, அடர்ந்து கூடும் புருவம், விலங்குக் காது என்று அடையாளம் சொன்னார். இது ஊகம் இல்லை, நாவலின் 25-ஆவது அத்தியாயத்தில் ஹார்க்கரின் மனைவி மீனாவே லொம்ப்ரோசோ பெயரைச் சொல்லி, கவுண்ட் குற்றவாளி வகை என்கிறாள். அன்றைக்கு அது அறிவியல் என்று நம்பப்பட்டது. இன்றைக்கு அது குப்பை.

அதோடு, 1880-களிலிருந்து கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் லண்டனுக்கு வந்துகொண்டிருந்த காலம். கிழக்கிலிருந்து வருகிறான், மூக்கு இப்படி, தங்கம் பதுக்குகிறான், நம் பெண்களைக் கெடுக்கிறான் என்ற பேச்சு அப்போது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ருமேனியாவின் கலாட்ஸ் துறைமுகத்தில் வரும் ஒரு யூத வியாபாரியின் மூக்கை ஆட்டு மூக்கு என்று ஸ்டோக்கர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இந்த வர்ணனையைத் திரும்பப் படித்தால் எனக்கு அது வெறும் பேய்முகமாகத் தெரியவில்லை. இன்றைக்கும் நம் படங்களில் அடியாள் என்றால் என்ன நிறம், என்ன மூக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதன் தாத்தா இது.

குழந்தைக்கு ஒட்டு மூக்கு மட்டும் வேண்டாம் அக்கா. மீசை எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள்.

பழம்பிரதி | திங்கள், மதியம் 12.10

நியாயமான பேச்சு. ஆனால் அந்த அடையாளங்களை வைத்து மட்டும் பிடித்தால், கவுண்டை வேட்டையாடும் டாக்டர் வேன் ஹெல்சிங்கும் மாட்டுவார். மீனா அவரை வர்ணிக்கும்போதும் பெரிய புதர்ப் புருவம், விரியும் நாசி என்றுதான் எழுதுகிறாள். நல்லவருக்கும் அதே புருவம்தான்!

நிலாச்சோறு | திங்கள், மதியம் 12.25

அதைத்தான் நானும் சொல்கிறேன் ஐயா. அதே புருவம் நம் ஆளிடம் இருந்தால் உறுதி, வெளியாளிடம் இருந்தால் கொடூரம்.

வடமராட்சியான் | திங்கள், இரவு 7.15

தங்கச்சி சொன்னதோட ஒண்டைச் சேர்க்கிறன். நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், பத்திரிகைத் துண்டு. ஹார்க்கர் எழுதிறார், மீனா எழுதிறா, அவையின்ர கூட்டாளி டொக்டர் சிவர்ட் ஃபோனோகிராஃப் எண்ட ஒலிப்பதிவுப் பெட்டியில பேசுறார். கவுண்ட் எழுதினதெண்டு ஹார்க்கரின்ர நாட்குறிப்புக்குள்ள வாற சின்னக் கடிதங்களைத் தவிர ஒண்டுமில்லை. அவரின்ர முகம் முழுக்கப் பயந்த ஆக்களின்ர வாக்குமூலம்.

அதில என்னைப் பிடிச்ச விசயம் நெத்தித் தழும்பு. ஜூன் 30 ஹார்க்கர் மண்வெட்டியால அடிக்கிறார், நெத்தியில வெட்டு. முடி நிறம் மாறுது, தாடி வருது, வயசு குறையுது, அந்தத் தழும்பு மட்டும் போகேல்லை. ஒக்டோபரில மீனா அவரை அடையாளம் காணேக்க மெழுகு முகம், சிவந்த கண் எல்லாத்தோடயும் அந்தச் சிவப்புத் தழும்பையும் சொல்லுறா. அண்டைக்கே மீனாவின்ர நெத்தியிலயும் ஒரு தழும்பு விழுகுது, வேன் ஹெல்சிங் வைச்ச, தேவாலயத்தில குடுக்கிற புனித அப்பம் சுட்டு. வேட்டையாடுறவனுக்கும் அகப்பட்டவளுக்கும் ஒரே இடத்தில குறி. இதை எந்தப் படமும் வடிவாக் காட்டினதாய் எனக்கு ஞாபகம் இல்லை.

மொட்டைமாடி | திங்கள், இரவு 9.30

எல்லாரும் சீரியஸா போயிட்டீங்க, நான் தொப்பிக்கு வரேன். 24-ஆவது அத்தியாயம். கவுண்ட் லண்டனை விட்டு ஓடறார், கப்பல் துறைல விசாரிச்சவர்னு சொல்றாங்க: உயரம், ஒல்லி, வெளுப்பு, எரியற கண்ணு, முழுக்கக் கருப்பு உடை. தலைல வைக்கோல் தொப்பி! அவருக்கும் பொருந்தலை, சீசனுக்கும் பொருந்தலைன்னு வேன் ஹெல்சிங்கே நக்கல் அடிக்கிறார்.

நானூறு வருஷமா உலகத்தை மிரட்டின ஆளு, அவசரத்துல கைக்குக் கிடைச்ச தொப்பியைப் போட்டுட்டு ஓடறார். என் ஓட்டு வைக்கோல் தொப்பிக்கு.

தறிநூல் | திங்கள், இரவு 9.44

இதைப் படித்துக் காட்டினேன். ஒரே குதி. வைக்கோல் தொப்பி வேண்டுமாம். வெள்ளை மீசையும் வேண்டுமாம்.

பழம்பிரதி | திங்கள், இரவு 10.02

அம்மா, மீசை மே மாதம், தொப்பி அக்டோபர் மாதம். இரண்டும் ஒரே தலையில் எப்படி?

மொட்டைமாடி | திங்கள், இரவு 10.04

ஐயா, அவன் அஞ்சாம் வகுப்பு.

கோபுரவாசல் | செவ்வாய், காலை 9.00

பல்லைப் பத்தி ஒரு தகவல், இதுவாவது நிக்குதான்னு பாப்போம். ஸ்டோக்கர் லண்டன் லைசியம் தியேட்டரில் நடிகர் ஹென்றி இர்விங்கின் மேனேஜரா இருந்தார், 1878-லேர்ந்து. இர்விங்கைப் பத்தி 1906-ல் எழுதின நினைவு நூலில் பயண எழுத்தாளர் ரிச்சர்ட் பர்ட்டனைச் சந்திச்சதை எழுதறார். பர்ட்டன் பேசறப்போ மேலுதடு தூக்கி, கோரைப்பல் முழு நீளத்துக்குக் கத்தி மாதிரி மின்னும்னு. அந்த பர்ட்டன்தான் 1870-ல் நம்ம விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை இங்கிலீஷில் போட்டவர்.

பழம்பிரதி | செவ்வாய், காலை 9.40

நிற்கிறது ஐயா, முழுசாக நிற்கிறது. அந்தப் பல்லைப் பார்த்த கண் டிராகுலாவின் வாயையும் எழுதியது என்று நானும் நம்புகிறேன். அதற்காக டிராகுலா முருங்கை மரத்திலிருந்து இறங்கியவர் என்று கிளப்பிவிடாதீர்கள்.

அரிதாரம் | செவ்வாய், இரவு 11.10

நாடகத்துக்கு வேஷம் போட்டுவிடுகிற தொழில். தேவையானதை மட்டும் சொல்கிறேன். குழந்தைத் தோலில் ஸ்பிரிட் கம் (மீசை ஒட்டும் பசை) வேண்டாம், எடுக்கும்போது அழும். வலையில் கட்டிய ஒட்டு மீசை வாங்கி, ரெட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள். முந்தின நாள் முழங்கையில் ஒட்டிப் பார்த்து அரிப்பு இல்லையென்று தெரிந்துகொள்ளுங்கள். புருவத்தைப் பென்சிலால் நடுவில் சேர்த்து விடுங்கள், அது ஒன்றே பாதி வேலை செய்யும். முகம் முழுக்க வெள்ளை அடிக்காதீர்கள், முயல் மாதிரி ஆகிவிடும். கன்னத்து ஓரத்தில் லேசாகச் சாம்பல் நிழல், உதட்டில் பீட்ரூட் சாறு. காது நுனிக்குக் கெட்டி அட்டை. உள்ளங்கையில் முடி ஒட்டாதீர்கள், மத்தியானம் தயிர்சாதத்தில் கிடக்கும்.

பிளாஸ்டிக் பல் போட்டால் வசனம் வராது. மீசை தொங்கினால் பல் தெரியாது. ரெண்டில் ஒன்று.

தறிநூல் | புதன், இரவு 8.00

மீசைதான். வசனமும் முடிவாகிவிட்டது. கவுண்ட் ஹார்க்கரை வரவேற்பாரே: என் வீட்டுக்கு வருக, உன் விருப்பப்படியே உள்ளே வருக என்று. அதைச் சொல்லி விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறான். மாமியாரின் காமாட்சி விளக்கைத் தர மறுத்துவிட்டேன், கரன்ட் போனால் ஏற்றும் அரிக்கேன் விளக்கு.

பழம்பிரதி | வியாழன், இரவு 9.15

போட்டிக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனசில் இருப்பது. நான் சொன்ன அந்தக் குறிப்புகளில், கவுண்டின் குணங்களைப் பட்டியல் போடும் பக்கத்தில் ஸ்டோக்கர் எழுதியிருக்கிறார்: ஓவியர்களால் அவரை வரைய முடியாது, எப்படி வரைந்தாலும் வேறு யாரோ போல வந்துவிடும். கோடக் கேமராவில் படம் எடுத்தாலும் கருப்பாக விழும், இல்லையென்றால் எலும்புக்கூட்டுப் பிணம் மாதிரி விழும். நாவலில் இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். கண்ணாடியில் தெரியாது என்பது மட்டும் தங்கியது.

பர்ட்டன், லுகோசி, விளாட், ஷ்ரெக் என்று நாம் நாலு நாளாகச் சண்டை போட்டதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

தறிநூல் | வெள்ளி, இரவு 7.50

போட்டி முடிந்தது. முதல் பரிசு தக்காளிக்கு. எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ்.

மேடை ஏறினான், விளக்கைத் தூக்கினான், வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான். நடுவர் அம்மா சிரித்துக்கொண்டே, "நீங்க எந்தத் தலைவர் தாத்தா?" என்றார். "நான் டிராகுலா." "அப்போ பல் எங்கே?" "மீசைக்குள்ளே இருக்கு, புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்று பதில் சொல்லியிருக்கிறான். பின்வரிசையில் யாரோ ஒரு அப்பா, வைக்கோல் தொப்பியைப் பார்த்து, விவசாயி வேஷம் பிரமாதம் என்றார்.

படம் கேட்பீர்கள். மேடை விளக்கு பின்னால் இருந்ததால் போனில் ஆள் முழுக்கக் கருப்பாகத்தான் விழுந்திருக்கிறான். மீசை மட்டும் தெரிகிறது.

பழம்பிரதி | வெள்ளி, இரவு 7.58

கருப்பாகவா?

நைட்ஷோ | வெள்ளி, இரவு 8.01

நான் அன்னிக்கே சொன்னேன். தியாகின்னு.

தறிநூல் | வெள்ளி, இரவு 8.05

வீட்டுக்கு வந்ததிலிருந்து மீசையைக் கழற்ற விடமாட்டேன் என்கிறான். ஒரு மணி நேரமாகக் கண்ணாடி முன்னாடியே நிற்கிறான்.

மொட்டைமாடி | வெள்ளி, இரவு 8.06

தெரியறானா?